பேனர் கிழித்த மிலிட்டரிக்காரர்

அவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துவிடலாம். நான் எடுத்திருக்கிறேன். "அண்ணே, டீ சாப்பிடுறீகளா?" என்று கேட்பேன். ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பார். சரி, காதில் விழவில்லை போல என்று நான் வேலையைப் பார்க்கத் திரும்பினால், "ம், சொல்லு" என்பார். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல் வரும். டீக்கே இந்தப் பாடு என்றால் மற்றதற்குக் கேட்க வேண்டுமா?

காரைக்குடியில் என் கடை. ஜெராக்ஸ், டிடிபி, கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் பேனர் எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையல்கட்டுமாக ஒரு போர்ஷன். அதில்தான் அவர் எட்டு வருஷம் குடியிருந்தார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். வானத்திலிருந்து தாக்க வருகிறவனைக் கீழே நின்று சுட்டு வீழ்த்துவதற்கென்று பட்டாளத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவில் பீரங்கி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் 'மிலிட்டரி'. பெயரை நான் எழுதப்போவதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவது அவருக்குப் பிடிக்காது. என்னால் விழுந்ததே போதும்.

போனும் அப்படித்தான். முதல் தடவை அடித்தால் எடுக்கவே மாட்டார். பக்கத்திலேயே இருக்கும், கத்திக் கத்தி ஓயும், இவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மறுபடி அடித்தால்தான் கை நீளும். கதவைத் தட்டினாலும் இதே சட்டம். ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் சண்டைக்கே போனேன்.

"உள்ளதான இருந்தீக? தொறந்தா என்ன கொறஞ்சா போயிருவீக?"

"மொதத் தடவை தட்டுறவன் சும்மாவும் தட்டுவான் தங்கச்சி. சோலி உள்ளவன் ரெண்டாவதும் தட்டுவான்."

"அவன் சிலிண்டரைத் தோள்ல வச்சுக்கிட்டு வந்தவண்ணே! சோலி இல்லாமயா அதைத் தூக்கிக்கிட்டுத் திரியிறான்?"

என் வீட்டு அடுப்பில்தான் ஒரு வாரம் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன்.

இன்னொரு நாள், குடித்துவிட்டு வந்த ஒருத்தன் கடை வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டான். காரணம் ஒன்றும் கிடையாது. அவரைப் பெற்றவளில் ஆரம்பித்துப் பேரன் பேத்தி வரைக்கும் ஏசினான். இவர் கையில் இருந்த கத்தரிக்காய்ப் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நான்தான் இறங்கினேன். அவன் ஓடிய பிறகு, "நீங்கள்லாம் என்ன மிலிட்டரியோ போங்க" என்றேன். "அவன் என்னை இழுத்துவிடப் பாத்தான். நான் போகலை" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை அரியப் போய்விட்டார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நவம்பர் மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான விரல்ரேகை மெஷின் என் கடையில் இருக்கிறது. அவர் விரல் மட்டும் அதில் பதியவே பதியாது. பவுடர் போட்டுத் துடைத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். பொருந்தவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"என்னண்ணே, நீங்க உசுரோடயே இல்லைங்குது மெஷினு!" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது சரியாத்தான் சொல்லுது. நான் ஒருக்கா செத்தவந்தான்."

வரிசையை அனுப்பிவிட்டு அந்தக் கதையைப் பிடுங்கினேன். ராஜஸ்தான் பக்கம் மணல்காட்டில் ஒரு போர்ப் பயிற்சி. இரண்டு கட்சி, வெற்றுத் தோட்டா. யார் ஜெயித்தார், யார் செத்தார் என்று முடிவு சொல்ல நடுவர் மாதிரி ஓர் அதிகாரி ஜீப்பில் சுற்றுவார். இவருடைய பீரங்கி மறைப்பு வலைக்குக் கீழே ஒளிந்திருந்தது. கிழக்கேயிருந்து ஆளில்லாத சின்ன விமானம் ஒன்று, பொம்மை மாதிரி, தத்தித் தத்தி வந்ததாம். இவருக்கு ஆசை தாங்கவில்லை. சுடச் சொல்லிவிட்டார். அது வந்ததே இவரைச் சுட வைக்கத்தான். சத்தத்தையும் புகையையும் வைத்துப் பீரங்கி நிற்கும் இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, எதிர்ப் பக்கமிருந்து நிஜ விமானங்கள் இரண்டு தாழப் பறந்து வந்து இவர் தலைக்கு மேலேயே போய்விட்டன. ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி அந்தப் பீரங்கியில் இருந்த ஐந்து பேர் கையிலும் வெள்ளைத் துணியைக் கட்டி, நீங்கள் செத்துவிட்டீர்கள், அந்த மரத்தடியில் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"மத்த நாலு பேருக்கும் ஒரே குஷி. வெயில்ல நிக்க வேணாம்ல? சீட்டு ஆடுனாய்ங்க, தூங்குனாய்ங்க. எனக்கு ஒக்கார முடியலை. அதுல ஒருத்தனுக்கு மறுவாரம் கல்யாணம் தங்கச்சி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "வெளாட்டுக்குச் செத்ததுக்கா இம்புட்டு வருத்தம்? பெறகு எப்ப உசுரு வந்துச்சு?"

"சாயங்காலம் சோத்துக்கு மணி அடிக்கயில" என்றார். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல வர்றது நம்மளக் காட்டிக்குடுக்க வர்றது. ரெண்டாவது வர்றவந்தான் குண்டு போடுவான். நான் மொதல்ல வந்தவனுக்கே வாயைத் தொறந்துட்டேன்."

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தும் எதிரி விமானம் எதையும் அவர் சுட்டதில்லை. சுடும்படி ஒன்றும் வரவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் தன் வயசைக் கழித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது ஒரு தமாஷாகத்தான் பட்டது.

என் தம்பியும் அதே பிரிவில்தான் சேர்ந்தான். நாங்கள் கல்லல் பக்கம் ஆசாரிக் குடும்பம். அப்பா நிலை கதவு செய்கிறவர். தம்பி உளியைத் தொடமாட்டேன் என்று பட்டாளத்துக்குப் போனான். அவன் முதல் லீவில் வந்தபோது மிலிட்டரி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மேல இருந்து பாக்குறவனை ஏமாத்த நாங்க மரத்துல பொய்ப் பீரங்கி செஞ்சு நிறுத்துவோம்" என்று சொல்ல, அப்பா, "அட, இது தெரிஞ்சா நானே பட்டாளத்துக்கு வந்திருப்பேனே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். என் அம்மா அன்றைக்கு அவருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள்.

எல்லையில் சண்டை மூண்ட அந்த வாரம் வந்தது. டிவியைப் போட்டால் ட்ரோன் வருகிறது, சுடுகிறார்கள், வானத்தில் தீப்பொறி. தம்பி போன் நாலு நாளாக அணைந்து கிடந்தது. அம்மா சாப்பிடவில்லை. நான் கடையில் உட்கார்ந்து எல்லாச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மிலிட்டரி அண்ணனிடம், "அவன் எங்க இருப்பாண்ணே? அவன் இருக்க எடத்துக்கு ட்ரோன் வருமா?" என்று நூறு தடவை கேட்டிருப்பேன். தெரிந்த மனுஷன் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்து ஓர் ஆறுதல் சொல்லியிருக்கலாம். "டிவியை அமத்து" என்றார். அவ்வளவுதான்.

பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். கை சும்மா இருக்குமா? நம் ஊரில் காதுகுத்துக்கே பத்தடி பேனர் வைக்கிறோம். என் தம்பிக்கு வைக்க மாட்டேனா? சண்டைக்குச் சில நாள் முன்னால் அவன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பீரங்கிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பாதி விலகிய வலை, பின்னால் தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் ஏதோ எழுத்து. படம் மங்கல். பத்தடிக்குப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் போய்விடும். என் தொழில் அதுதானே? ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முகத்தைத் தெளிவாக்கினேன், பீரங்கியைத் தெளிவாக்கினேன், கண் உறுத்துகிறதே என்று பின்னணியையும் தெளிவாக்கினேன். 'எல்லையில் நிற்கும் எங்கள் சிங்கமே' என்று மஞ்சள் எழுத்து. கீழே வரிசையாகச் சித்தப்பா, மாமா, மச்சான் எல்லாரும் கும்பிட்டபடி. மறுநாள் விடிந்ததும் ஒன்றை என் கடை வாசலில் கட்டினேன். இன்னொன்றைக் கல்லலில் எங்கள் தெருமுனையில் கட்டச் சொல்லிக் காலை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

அவர் அன்று காலை மீன் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் பேனரை ஒரு பார்வை பார்த்தார். ஒரே பார்வைதான். யோசிக்கவில்லை, நிற்கவில்லை. மீன் பையைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கடைக்குள் வந்தார். மேஜை மேல் இருந்த கட்டரை எடுத்தார். முக்காலியைப் போட்டு ஏறி, பேனரின் வலது மேல் மூலையை முதலில் அறுத்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சர்ரென்று கீழே வரைக்கும் கிழித்தார். என் தம்பி முகம் இரண்டாகப் போய்த் தரையில் விழுந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வாசலுக்கு ஓடி நின்று கத்தினேன். "பாவி மனுஷா, எந்தம்பி அங்க உசுரோட இருக்கானா இல்லையான்னே தெரியலை, நீங்க அவன் மூஞ்சியைக் கிழிக்கிறீகளே! ஒங்களுக்கு மனசு இருக்கா?" டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்துச் செல்போன் கடைக்காரன் போனை எடுத்துப் பிடித்தான். ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்து, "என்னய்யா, துரோகியா நீ?" என்றான். அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு நெருப்பை அள்ளிக் கொட்டியது போலிருந்தது. எது அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்து வீசினேன்.

"வாழ்நாள்ல ஒரு குண்டு சுட்டிருக்கீகளா நீங்க? பயிற்சியிலயே செத்துப்போன ஆளுதான!"

கூட்டம் சிரித்தது. அவர் முக்காலியிலிருந்து இறங்கி, என்னைக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து, ஷட்டரை இறக்கிவிட்டார். சட்டைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து மேஜையில் விரித்தார். தண்ணீர்த் தொட்டி.

"இதை வாசி."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாது!"

"ஒனக்குத் தெரியாது. தெரிஞ்சவன் பாப்பான். அந்த ஊர் பேரு எழுதியிருக்கு தங்கச்சி." எட்டு வருஷத்தில் அன்றுதான் அவர் நான் கேட்காமலே பேசினார். "மேல இருந்து வர்றவனுக்குக் கஷ்டமே பீரங்கி எங்க இருக்குன்னு தேடுறதுதான். அதை மறைக்கத்தான் வலை. அதை மறைக்கத்தான் பொய்ப் பீரங்கி. மொதல்ல வெத்து ட்ரோனா அனுப்பி, சுடுறானான்னு பாப்பான். அங்க இருக்க பயலுக பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சுடாம இருப்பாய்ங்க. நீ இங்க பத்தடியில எழுதிக் கட்டியிருக்க."

செல்லில் பார்த்தபோது அந்த எழுத்து கடுகளவு. அதை வாசிக்கும்படி ஆக்கியது நான்.

"ஏண்ணே, இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஏன் எதுக்குன்னு வாசல்ல நின்னு கத்துவ. எல்லாப் பயலும் போனை எடுத்து அந்தத் தொட்டியைத்தான் பெருசாக்கிப் பாப்பான். இப்ப என் மூஞ்சியைப் பாக்குறாய்ங்க. பாக்கட்டும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "படம் அனுப்புனது வெளிய தெரிஞ்சா ஒந்தம்பிக்கு வேலை இருக்காது. ஜெயில்கூட. யார்கிட்டயும் சொல்லாத."

கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். வாட்ஸ்அப்பில் வைத்திருந்த ஸ்டேட்டஸை எடுத்தேன். பின்கதவு வழியாக அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கல்லலுக்குப் பறந்தேன். அந்தப் பேனரை நானே அறுத்தேன். பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது அம்மா வாசலில் வந்து நின்றாள். பிள்ளை படத்தை இறக்குவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி இறக்குற? அவனுக்கு என்னமும் ஆயிருச்சா? சொல்லிருடி!"

"ஐயோ அம்மா, ஒன்னுமில்ல! பேனருக்கு அனுமதி வாங்கலையாம், எடுக்கச் சொல்லிட்டாக" என்றேன். அம்மா நம்பினாள். தெருவும் நம்பியது. அதே பொய்யைக் காரைக்குடியில் அவருக்காகவும் சொல்லியிருக்கலாம். அனுமதி இல்லாத பேனர், அதனால் கிழித்தார் என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதானே? அந்தப் புத்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் செல்போன் கடைக்காரன் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 'ராணுவ வீரரின் படத்தைக் கிழித்த துரோகி' என்று தலைப்பு. அது தொடங்கும்போதே பேனரில் வலது மேல் மூலை இல்லை. அந்த மட்டில் அவர் ஜெயித்துவிட்டார்.

பத்தாவது நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இரண்டாவது மணி வரைக்கும் காத்திருக்க நான் என்ன மிலிட்டரியா? முதல் மணியிலேயே எடுத்தேன். தம்பி. "அக்கா, நல்லாருக்கேன். எடம் மாத்திட்டாக. அம்மாகிட்ட சொல்லிரு." வைத்துவிட்டான். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். "எடம் மாத்திட்டாகளாம்ணே! என் பேனராலயா? நீங்க பட்டாளத்துல யாருக்கும் சொன்னீகளா?" அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். உருவி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். "சாப்பிட்டியா?" என்றார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது.

அந்த ஆகஸ்டில் அவரைக் கொடியேற்றக் கூப்பிடவில்லை. வருஷா வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் ஏற்றுவார். முதல் நாளே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தார். காலை பத்து மணி வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்கு அவர் போனால் பெஞ்சிலிருந்து எழுந்துகொள்ள ஆரம்பித்தார்கள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேண்ணே" என்றேன். "ஒந்தம்பி இன்னும் அங்குட்டுத்தான இருக்கான்?" என்றார். தீபாவளிக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டார். மன்னிச்சிருங்கண்ணே என்ற ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பஸ் ஏற்றிவிடும்போது, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்டேன். என்னை எதால் அடிப்பது?

போன மாதம் தம்பிக்குப் பயிற்சி மையத்துக்கு மாற்றல் ஆனது. லீவில் வந்தவனிடம் முழுக் கதையையும் சொன்னேன். "இனிமே சொல்லலாம்க்கா. அந்த எடத்துல இப்ப ஒன்னும் இல்ல. நான் அனுப்புன படத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றான். அந்த நிமிஷமே அவருக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. தெரிந்ததுதானே என்று இரண்டாவது தடவை போட்டேன். மகள் எடுத்தாள். "அப்பா தவறி நாப்பது நாளாச்சுக்கா" என்றாள்.

அவள் அனுப்பிய படத்தை வைத்து 'கண்ணீர் அஞ்சலி' பேனர் அடித்தேன். பின்னணி வெறும் வெள்ளை. பழைய இடத்திலேயே, அதே கம்பியில் கட்டினேன். செல்போன் கடைக்காரன் வந்து அண்ணாந்து பார்த்தான்.

"யாருக்கா இது? அட, அந்தப் பேனர் கிழிச்ச ஆளு! இவருக்குப் போயா?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, எழுத்து, வலது மேல் மூலை, கல்லல், எல்லாம். பொறுமையாகத்தான் கேட்டான். பிறகு சிரித்தான். "போனவரை நல்ல விதமா சொல்லணும்னு சொல்றீக, சரிக்கா. ஆனா அவரை அன்னைக்கு நாங்க ஒன்னும் சொல்லலை. நீங்கதான் சொன்னீக." சொல்லிவிட்டுப் போனை எடுத்துத் தேடி, என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அவர் முக்காலி மேல் நிற்கிறார். சட்டைக்குள் இருக்கும் எதையோ அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். பயிற்சியிலயே செத்துப்போன ஆளுதான என்று ஒரு பொம்பளை தொண்டை கிழியக் கத்துகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்தத் தடவையாவது அவர் வாயைத் திறந்து அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிட மாட்டாரா என்று கடைசி வரைக்கும் பார்த்தேன். சொல்லவில்லை.